கடலோர இல்லத்தில் குதிரைச் சித்திரம்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில், கருங்கல் மதிலின் ஒரு பகுதியைக் கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் வட்டக்கோட்டையின் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டிக்கொண்டு, அதன் கூடத்துச் சுவரில் தத்ரூபமாக எழுதப்பட்ட குதிரைச் சித்திரம் ஒன்றை மாட்டிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற அன்பர், கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால் குதிரையின் உடலைப் பற்றியும் தம் வீட்டுச் சுவரைப் பற்றியும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் நம்பிக்கைக்குப் பாத்திரமான படைத்தலைவராக உயர்ந்த டி லெனாயின் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட அந்தக் கோட்டை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அலையையும் உப்பையும் தாங்கி நிற்கிறது. ஆனால் கருங்கல் பொறுத்துக்கொள்கிற காற்றைச் சித்திரத்தின் கித்தான் துணி பொறுத்துக்கொள்ளாது. ஆகவே நல்ல சித்திரத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை முதலிலும், தேர்ந்தெடுத்ததை இந்தக் கடற்கரையில் எவ்வாறு காப்பாற்றுவது என்பதைப் பின்னரும் விவரிப்போம்.

நம் மரபில் குதிரை

தமிழருடைய கண்ணுக்குக் குதிரை உருவம் புதியதன்று. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால்களை உயர்த்திப் பாய்கின்ற கற்குதிரைகளையும், ஐயனார் கோயில் முகப்பில் அணிவகுத்து நிற்கும் சுடுமண் குதிரைகளையும், உற்சவ காலத்தில் சுவாமியைச் சுமந்துவரும் குதிரை வாகனத்தையும், நம் மாவட்டத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் தொங்குகின்ற குதிரை விளக்கையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். இவற்றைச் செய்த சிற்பியரும் குயவரும் ஒரு மிருகத்தின் எலும்பையும் தசையையும் அளந்து காட்ட முற்படவில்லை. வேகம், காவல், கம்பீரம், தெய்வ சாந்நித்தியம் ஆகிய பாவங்களைக் குதிரை வடிவில் நிறுத்தினார்கள். சுடுமண் குதிரையின் கழுத்து நீண்டிருப்பதோ, கற்குதிரையின் கண் பிதுங்கியிருப்பதோ குற்றமாகாது. அவை தம் சாஸ்திரத்துக்கு உண்மையாகவே இருக்கின்றன.

தத்ரூபச் சித்திரத்தின் விதி வேறு. கண்ணால் கண்டதைக் கண்டவாறே, ஒளி நிழலோடும் கன பரிமாணத்தோடும் எழுதுவேன் என்று ஓவியன் வாக்குக் கொடுத்துவிட்டுத் தூரிகையை எடுக்கிறான். அந்த வாக்கை அவன் காப்பாற்றியிருக்கிறானா என்று பார்ப்பதுதான் வாங்குபவரின் வேலை. இந்த முறை நம் பகுதியாகிய நாஞ்சில் நாட்டுக்கு எங்கிருந்தோ அண்மையில் வந்து சேர்ந்ததுமன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைவதற்கு முன்னர் இப்பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், 1848-இல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா, 1868-இல் திருவனந்தபுரத்துக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைக் கூர்ந்து கவனித்துத் தைல வர்ணத்தின் நுட்பங்களைக் கற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் படங்களின் பிரதிகள் எளியோர் வீட்டுச் சுவருக்கும் எட்டும்படி செய்தார். வாங்க எண்ணுகிற அன்பர் ஒருமுறை திருவனந்தபுரம் சென்று, 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா சித்திரசாலை வளாகத்தில் ரவி வர்மாவின் மூலப் படங்களுக்கு முன்னால் ஒரு முற்பகல் முழுவதும் நின்று வருவாராயின், பட்டுப் புடவையின் மடிப்பிலும் மேனியின் மினுமினுப்பிலும் தைல வர்ணம் என்ன செய்யவல்லது என்பதைக் கண்ணாரக் கண்டு, பிறகு எந்தக் கடையிலும் ஏமாறாத ஓர் அளவுகோலை மனத்தில் ஏந்திக்கொண்டு திரும்புவார். பத்மநாபபுரம் அரண்மனையில் டி லெனாய் சரணடைவதைக் காட்டும் படத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். வட்டக்கோட்டையின் சரித்திரத்தோடு சம்பந்தப்பட்ட மனிதரைச் சித்திரத்தில் காண்பது இப்பகுதி வாசிக்குத் தனி மகிழ்ச்சி.

முதலில் குதிரையைப் படியுங்கள்

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர், லிங்கன்ஷயரில் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் இறந்த குதிரைகளின் உடலை அடுக்கடுக்காக அறுத்து, தோலிலிருந்து தசை, தசையிலிருந்து எலும்பு என்று மாதக்கணக்கில் வரைந்து பார்த்து, அந்த வரைபடங்களைத் தாமே செப்புத்தகட்டில் செதுக்கி 1766-இல் குதிரையின் உடற்கூறு பற்றிய நூலாக வெளியிட்டார். லண்டன் தேசியச் சித்திரசாலையில் இன்று இருக்கும் அவருடைய ‘விஸில்ஜாக்கெட்’ என்ற படம் 290 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுடையது. அதில் சவாரி செய்பவன் இல்லை, மரமில்லை, வானமில்லை, வெறும் பின்புலத்தில் ஒரு குதிரை மட்டுமே நிற்கிறது. ஆயினும் பார்ப்பவர் அதில் ஒரு குறையையும் உணர்வதில்லை, ஏனெனில் அந்த உடலின் ஒவ்வொரு அங்குலமும் அறிந்து எழுதப்பட்டது. ரோஸா பொன்ஹர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பாரீஸ் நகரத்துக் குதிரைச் சந்தைக்குத் தொந்தரவின்றிப் போய்வருவதற்காகப் போலீஸாரிடம் அனுமதி பெற்று ஆண்மகனைப் போல் உடுத்துக்கொண்டு சென்று படித்து, 1852 முதல் 1855 வரை உழைத்து எழுதிய, 5 மீட்டர் அகலமுள்ள ‘குதிரைச் சந்தை’ இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் புகழ்பெற்ற உடைமைகளுள் ஒன்று. எழுதியவர்கள் இவ்வளவு படித்திருக்க, வாங்குகிறவர் சற்றேனும் படிக்க வேண்டாமா?

நம்மவர் படிப்பதற்குத் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தையில், மார்வாரி, கத்தியவாரி முதலிய ஜாதிக் குதிரைகளை ஒரே இடத்தில் நின்றும் நடந்தும் துள்ளியும் பார்க்கலாம். சென்னையில் 1839-இல் நிறுவப்பட்ட, சாண்ட்ரி என்ற சிற்பி வார்த்த சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைச் சுற்றிவந்தால், நின்ற நிலையிலுள்ள குதிரையின் உடலமைப்பை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிதானமாகக் கற்கலாம். சேணமும் அங்கவடியும் இல்லாமல் அச்சிலை அமைந்திருப்பதை ஜனங்கள் இன்றும் சுட்டிக்காட்டிப் பேசுவது, தத்ரூபக் கலையில் சாமானியரின் கண்ணும் எத்தனை கூர்மையாகச் சோதிக்கிறது என்பதற்குச் சாட்சி.

படத்தின் முன் நின்றால் முகத்தை முதலில் பார்க்காதீர்கள். குளம்பிலிருந்து தொடங்கி மேலே செல்லுங்கள். பயிற்சி குறைந்த ஓவியர்கள் முகத்தையும் பிடரியையும் ஆசையோடு எழுதிவிட்டு, கால்களைப் புல்லிலும் புழுதியிலும் நீரிலும் மறைத்துவிடுவது வழக்கம். நான்கு குளம்புகளும் தெளிவாகத் தெரியும்படி, ஒவ்வொன்றும் தரையை எவ்வாறு தொடுகிறது என்பது விளங்கும்படி எழுதப்பட்ட படமாயின், எழுதியவர் அஞ்சவில்லை என்பது திண்ணம். அடுத்து மூட்டுகள். முன்னங்காலின் நடுமூட்டு நம் மணிக்கட்டுக்கு ஒப்பானது. பின்னங்காலின் நடுமூட்டு நம் குதிகாலுக்கு ஒப்பானது, அதன் முனை பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அந்தப் படத்தை மேலும் சோதிக்க வேண்டியதில்லை. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களின் தோள்பட்டைகளை உடலோடு பிணைத்திருப்பவை தசைகளே. ஆதலால் நடையில் தோள் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வது தோலின் அடியில் தெரிய வேண்டும். மேஜைக்குக் கால் பொருத்தியதுபோல் நெஞ்சின் கீழே முன்னங்கால் செருகப்பட்டிருந்தால் அது குற்றம்.

அளவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கழுத்தும் முதுகும் கூடுகின்ற மேட்டிலிருந்து தரைவரை உள்ள உயரமும், தோள் முனையிலிருந்து பிருஷ்ட முனைவரை உள்ள நீளமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சமமாகவும், ஒவ்வொன்றும் தலையின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகவும் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் குதிரையின் படத்தை ஒரு நூலால் அளந்தே இதைச் சரிபார்த்துவிடலாம். கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்தவை, பாவை கிடைமட்டமாக நீண்டது. மனிதனைப்போல் முகத்தின் முன்புறத்தில் இரு கண்ணும் எழுதப்பட்ட குதிரை கற்பனைக் குதிரையே. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காதுகள் உட்புறமாக வளைந்து நுனியோடு நுனி தொடுமளவு நெருங்கும். அரபுக் குதிரையின் முகம் நெற்றிக்குக் கீழே சற்றுக் குழிந்து, வால் உயர்ந்து நிற்கும். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் கடல்வழியே காயல் துறைமுகத்தில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருப்பதால், நம் கிழக்குக் கடற்கரையைப் பின்புலமாகக்கொண்ட சரித்திரப் படத்துக்கு அரபுக் குதிரை முற்றிலும் பொருத்தமானது.

ஓடும் குதிரையைச் சோதிப்பதற்கு நடைவகைகளை அறிந்திருக்க வேண்டும். சாதாரண நடையில் நான்கு கால்களும் தனித்தனியே விழும். துள்ளு நடையில் வலது முன்காலும் இடது பின்காலும், பிறகு இடது முன்காலும் வலது பின்காலும் இணைந்து விழும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் நான்கு கால்களும் தரையை விட்டு நீங்கும். அந்தக் கணத்தில் கால்கள் எவ்வாறிருக்கும் என்பதுதான் நெடுங்காலம் ஓவியர்களை ஏமாற்றிய விஷயம். முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் விரித்துக்கொண்டு அந்தரத்தில் பறப்பதாகவே எழுதிவந்தார்கள். ஜெரிக்கோ என்ற ஓவியர் 1821-இல் எழுதிய எப்ஸம் பந்தயக் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகப் பல காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தபோது, தரையை விட்டு நீங்கும் அந்தக் கணத்தில் கால்கள் நான்கும் வயிற்றின் அடியில் ஒன்றுகூடியிருப்பது உலகுக்குத் தெரிந்தது. ஆகவே அந்த ஆண்டுக்கு முந்தைய படத்தில் விரிந்த கால்களைக் கண்டால் அது அக்காலத்து அறிவின் எல்லை என்று மதித்து ஏற்கலாம். இன்று எழுதி விற்கப்படும் தத்ரூபப் படத்தில் கண்டால் ஏற்கக் கூடாது.

நிறமும் ஒளியும்

வெள்ளைக் குதிரையை வெறும் வெள்ளை வர்ணத்தால் எழுதுபவர் குதிரையை வெயிலில் பார்த்ததில்லை என்று கொள்ளலாம். வெள்ளையாகத் தோன்றும் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் தோல் கருமையானது. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் அந்தக் கருமை வெளிப்படும். திறந்த வெளியில் நிற்கும்போது முதுகின் மேல் வானத்தின் நீலம் படியும். வயிற்றின் அடிப்புறத்தில் மண்ணின் நிறம் பிரதிபலிக்கும். நிழல் சாம்பலும் ஊதாவுமாகக் குளிர்ந்திருக்கும். செம்பழுப்பு உடலும் கறுத்த பிடரியும் வாலும் கால்களுமுள்ள குதிரையில், மினுங்குமிடம் வெண்மையாக இராமல் வானத்தின் சாயலைத் தாங்கியிருக்கும். நிழலுக்குக் கறுப்பையும் வெளிச்சத்துக்கு வெள்ளையையும் கலந்து முடித்துவிட்ட படம் ஒரு மாதத்தில் கண்ணுக்குச் சலித்துவிடும். இந்தச் சூட்சுமங்கள் உள்ள படமோ வருஷக்கணக்கில் பார்க்கப் பார்க்கப் புதிதாகத் தோன்றும்.

ஏழு குதிரைப் படம்

சூரியனுடைய தேரில் பூட்டிய ஏழு குதிரைகளை நினைந்து, பாய்ந்துவரும் ஏழு வெண்குதிரைகளின் படத்தை வீட்டில் மாட்டுவது இன்று பரவலான வழக்கம். அந்த நம்பிக்கையை மதித்தே சொல்கிறேன்: நம்பிக்கைக்காக வாங்குகிறோம் என்பதால் மட்டமான படத்தை வாங்கிவிடக் கூடாது; தெய்வத்தின் பெயரால் வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் உத்தமமானதாக இருப்பதல்லவா முறை? ஏழு குதிரைகளுக்கு இருபத்தெட்டுக் கால்கள். பின்னாலுள்ளவற்றின் சில கால்கள் மறைந்திருக்கலாம். ஆனால் தெரிகின்ற ஒவ்வொரு காலும் எந்தக் குதிரைக்கு உரியது என்று விரல் வைத்துச் சொல்ல முடிய வேண்டும். கணிப்பொறியில் உருவாக்கி அச்சடிக்கப்படும் மலிவான படங்களில் உரிய குதிரையில்லாத கால்களும், ஒரே தலையின் பிரதிகளும் காணப்படும். ஏழும் ஒரே நடையில், ஒரே கால் முன்வைத்து ஓடுவதாக இருந்தாலும் அது இயற்கைக்கு ஒவ்வாது. ஒளி ஒரே திசையிலிருந்து ஏழின் மேலும் விழுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

கைவேலையா, அச்சா?

கித்தான் துணியின்மேல் அச்சடித்து, அதன்மேல் பசை போன்ற தெளிந்த பூச்சைத் தூரிகையால் தடவிக் கைவேலைபோல் காட்டும் படங்கள் சந்தையில் நிரம்ப உண்டு. அச்சுப் படத்தை அச்சுப் படமென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் தவறொன்றுமில்லை. தைல வர்ணச் சித்திரமென்று சொல்லி விற்பதே வஞ்சனை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் பார்த்தால் அச்சில் மைப்புள்ளிகள் தெரியும். கைவேலையில் வர்ணத்தின் இழைவுதான் தெரியும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் தூரிகைத் தடங்கள் எழுந்து நிற்கும். அத்தடங்கள் குதிரையின் தசை வளைவையும் பிடரியின் ஓட்டத்தையும் பின்பற்றுகின்றனவா, அன்றி உருவத்தோடு சம்பந்தமில்லாமல் எங்கும் ஒரே சீராகப் புரள்கின்றனவா என்று பாருங்கள். படத்தைத் திருப்பிப் பின்புறத்தையும், உள்சட்டத்தின் மேல் மடிக்கப்பட்ட ஓரங்களையும் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், வணக்கம் சொல்லி வெளியே வந்துவிடுவதே உசிதம்.

ஓவியரிடம் எழுதி வாங்குவது

தயாராக உள்ளதை வாங்குவதைவிட, தகுதியான ஓவியரிடம் சொல்லி எழுதி வாங்குவது பல வகையில் மேலானது; வட்டக்கோட்டைக் கடற்கரையையே பின்புலமாக அமைத்துக்கொள்ளும் பாக்கியமும் அப்போதுதான் வாய்க்கும். அவ்வாறு எழுதச் சொல்வோர் இவ்விடத்து ஒளியின் போக்கை அறிந்திருக்க வேண்டும். இங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் பக்கமாக மறைகிறான். எனவே காலையில் கோட்டையின் கடற்புறத்து மதில் ஒளிபெற்று, குதிரையின் நிழல் நிலத்தை நோக்கி நீளும். மாலையில் மதிலின் கடற்புறம் நிழலாகிவிடும். கடலுக்குள் அஸ்தமிக்கும் சூரியனையும் கோட்டையையும் ஒருங்கே காட்டும் படம், எவ்வளவு அழகாயிருந்தாலும், இவ்விடத்துக்கு உண்மையாகாது. தாதுமணல் கலந்து கருமை பாய்ந்த மணலின் நிறத்தையும், அந்தக் கருமை குதிரையின் வயிற்றில் படிவதையும் ஓவியர் நேரில் வந்து பார்த்துச் சிறு வர்ணக் குறிப்புகளாக எழுதிச்செல்ல வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னமாதலால், அதனுள் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தும் எண்ணம் வேண்டாம். கோட்டையைத் தனியாகவும் குதிரையைத் தனியாகவும் ஒரே வேளையின் ஒளியில் படித்து, சித்திரத்தில் இணைப்பதே முறையாகும்.

உடன்பாட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படத்தின் அளவு, கித்தான் ஆளிநாராலானதா பருத்தியாலானதா, வர்ணத்தின் தரம், முன்மாதிரி வரைபடத்தை எப்போது காட்டுவது, பணத்தை எத்தனை தவணையில் கொடுப்பது, எப்போது ஒப்படைப்பது ஆகியவை அதில் இருக்கட்டும். காலத்தில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். தைல வர்ணம் நீர் வர்ணத்தைப்போல் ஈரம் வற்றி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி இறுகுவதால்தான் உலர்கிறது. மேலே தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களில் வந்துவிட்டாலும், உள்ளே முற்றும் இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை செல்லும். அதற்கு முன் கடைசி வார்னிஷைப் பூசக் கூடாது. கிருகப்பிரவேசத்துக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கும்போது பெரிய படத்துக்குச் சொல்லி, வார்னிஷ் பூசிய நிலையில் வேண்டுமென்று வற்புறுத்துவது, நம் கையாலேயே படத்துக்கு வெடிப்பை வரவழைப்பதாகும்.

பழைய படங்களைச் சேகரிப்போருக்கு இரண்டு குறிப்புகள். டைட்டேனியம் வெள்ளை என்ற வர்ணம் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஓவியர் கைக்கு வந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படமென்று விற்கப்படுவதில் அது மூல வர்ணமாக இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், சொல்லப்பட்ட வயது பொய். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த சித்திரம் தொல்பொருளாகக் கருதப்படும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிமனிதருக்கு உரிமையில்லை. ரவி வர்மாவின் மூலப் படங்கள் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டு அதே தடைக்கு உட்பட்டுள்ளன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் அனுப்பலாம் என்ற எண்ணத்தில் பழைய படம் வாங்குவோர் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

சுவரும் கடற்காற்றும்

நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. விவசாயிக்கு வரமாகிய அதுவே சித்திரத்துக்குச் சோதனை. கித்தானும் மரச்சட்டமும் ஈரத்தில் விரிவதும் உலர்வில் சுருங்குவதுமாக இருக்க, இறுகிப்போன வர்ணம் அவற்றோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கிறது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 விழுக்காடு வரை நிலைத்திருப்பது சித்திரத்துக்கு உகந்தது. 70-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடலோரத்தில் இதற்கு மேலும் ஒரு சத்துரு உண்டு. காற்றில் மிதந்துவரும் உப்புத்துகள் படத்தின்மேல் படிந்து, ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தவுடன் தானே நீரை ஈர்த்து நனைந்துவிடுகிறது. மழை ஒரு துளியும் உள்ளே வராத வீட்டிலும் படம் ஈரமாவதற்கும், இரும்பு ஆணி துருவேறிக் கித்தானை அரிப்பதற்கும் காரணம் இதுவே.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். கடலை நோக்கிய வெளிச்சுவரும், மழைச்சாரல் அடிக்கும் சுவரும், குளியலறைக்குப் பின்சுவரும் ஆகா. வீட்டின் நடுவிலுள்ள உட்சுவரே உத்தமம். அந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறதா என்பதை அறிய, ஒரு முழச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப்புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறத்தில் நீர் கோத்தால் அந்தச் சுவர் தகுதியற்றது. புதிதாகப் பூசிய சுவர் ஒரு வெயில் காலத்தையாவது கண்டு உலர்ந்த பிறகே படத்தைத் தாங்கலாம். நேர்வெயில் படும் ஜன்னலுக்கு எதிரேயும், ஏ.சி. காற்று நேராக வீசுமிடத்திலும், எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் கற்பூரமும் புகையும் பூஜை அறைக்கருகிலும், சமையலறை வாசலிலும் மாட்டுவது கூடாது.

பருத்திக் கித்தானைவிட நெருக்கமாக நெய்த ஆளிநார்க் கித்தான் இங்கு மேல். அதைக் காட்டிலும், கடல்நீர் தாங்கும் தரமான பிளைவுட் பலகையில் ஒட்டி எழுதிய படம் ஈரத்துக்கு இன்னும் குறைவாகவே அசையும். உள்சட்டமும் வெளிச்சட்டமும் நன்கு பதப்பட்ட தேக்காக இருக்கட்டும். ஆசாரியிடம் சொல்லி இரும்பு ஆணிக்குப் பதிலாகச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையே அடிக்கச் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தைப் பலகையால் மூடினால் பல்லியும் பூச்சியும் கூடுகட்டா. உப்பும் ஈரமும் துணியில் நேரே தாக்கா. சட்டத்தின் கீழ்முனைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே ஓரங்குலமாவது காற்றோட விட வேண்டும். படத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில், நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு வருமாறு, இரண்டு கொக்கிகளில் தொங்கவிடுங்கள். குறுகிய அறையில் பெரிய படத்தை மாட்டினால் குதிரையின் உடல் முழுதும் ஒரே பார்வையில் அடங்காது. படத்தின் மூலைவிட்ட நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரமாவது பின்னே நின்று பார்க்க இடமிருக்க வேண்டும்.

நித்தியப் பராமரிப்பு

மாதத்துக்கு ஒருமுறை மென்மையான, உலர்ந்த, அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிடுவது போதும். ஈரத்துணி, சோப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு என்று யார் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும் செவிசாய்க்காதீர்கள். அவற்றின் மாவும் சாறும் படத்தில் தங்கிப் பூஞ்சணத்துக்கு உணவாகும். ஆனி, ஆடி மாதச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வாரம் ஒருமுறை படத்தின் பின்புறத்தைத் திறந்து பார்த்துவிடுவது அவசியம். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றைக் கூடத்தில் வைத்துக்கொண்டால் ஊகத்துக்கு இடமிராது. கித்தான் தளர்ந்து தொய்வதாகத் தோன்றினால் மழைக்காலத்தில் உள்சட்டத்தின் ஆப்புகளை அடித்து இறுக்காதீர்கள். வெயில் வந்ததும் அது தானே இறுகும், அப்போது முன்பு இறுக்கியதன் விளைவாக மூலைகளில் கிழிய நேரும். வெள்ளைப் பொடிபோல் பூஞ்சணம் கண்டால் தேய்க்காமல், படத்தை உலர்ந்த காற்றோட்டமான அறையில், வெயில் படாமல் வைத்து, சித்திரப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். வாங்கிய ரசீது, ஓவியரின் கையெழுத்துக் கடிதம், படத்தின் முன்புறப் பின்புறப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துவதும் பராமரிப்பின் ஓர் அங்கமே. நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தின் வரலாற்றை அறிவதற்கு வேறு சாதனம் இராது.

கையில் பணமிருந்தும் உலர்ந்த சுவர் இல்லாதவர், இந்த ஆண்டு அந்தப் பணத்தைச் சுவருக்குச் செலவிட்டுவிட்டு, படத்தை அடுத்த ஆண்டு வாங்குவாராக. சுவர் உண்டு, குதிரையைப் பார்த்துப் பழக்கமில்லை என்பவர், வருகிற ஆடி மாதத்தில் அந்தியூருக்கு ஒருமுறை போய்வந்த பிறகு வாங்குவாராக. இரண்டும் உள்ளவர் தயங்க வேண்டியதில்லை. நேர்மையாக உழைத்து எழுதும் ஓவியரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் கேட்கும் நியாயமான விலையைக் குறைக்காமல் கொடுத்து, வேண்டிய அவகாசத்தையும் கொடுத்து எழுதி வாங்குங்கள்.